முன் மேஜையிலிருந்து கேட்ட குரல்

தன் குரலை உலகத்தில் எங்கெங்கோ ஆட்கள் போட்டுப் போட்டுக் கேட்கிறார்கள் என்பது எர்லீன் காஸ்கின்ஸுக்கு அறுபத்தொன்பதாவது வயதில்தான் தெரிந்தது. அதைச் சொல்லி அவரை அழைத்து வந்தவர்களில் நானும் ஒருவன். நல்ல சேதி சொல்லப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் போனோம்.

பால்டிமோரில் எங்கள் ஜாஸ் வட்டம் ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ரோஸெல் டேட்டின் அழகு நிலையத்தில் கூடும். அன்று கடை விடுமுறை. முடி உலர்த்தும் மெஷின்களின் தொப்பியை மேலே தூக்கிவிட்டு, அந்த நாற்காலிகளிலேயே ஆறேழு பேர் சாய்ந்துகொள்வோம். யாராவது ஒருவர் பழைய கச்சேரி டேப் கொண்டுவருவார். கேட்போம், சண்டை போடுவோம், ரோஸெல் சுட்டு வைத்திருக்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கேக்கைத் தின்றுவிட்டுக் கலைவோம்.

சண்டையில் முதல் ஆள் ஆல்டன் பாய்கின். முப்பது வருஷம் பேருந்துப் பணிமனையில் எஞ்சின் கழற்றிய கை. ஆனால் பழைய புகைப்படத்தைத் தொடவேண்டுமென்றால் வெள்ளைப் பருத்தி உறை மாட்டிக்கொள்வான். வெண்டல் ஸ்டார்க்ஸ் என்ற சாக்ஸபோன்காரரின் மேல் அவனுக்குப் பைத்தியம். ஸ்டார்க்ஸ் இளம் வயதில் போய்விட்டார். ஸ்டூடியோவில் இரண்டே இசைத்தட்டுதான் பதிந்தார். ஆனால் 1962 அக்டோபரில் ஒரு ஞாயிறு மாலை, எங்கள் ஊர் காஸ்பியன் அரங்கில் அவர் வாசித்ததை ஒரு ரசிகர் கூரையிலிருந்து மைக் தொங்கவிட்டுப் பதிந்திருந்தார். அந்த டேப் ஓர் அலமாரியில் முப்பத்தைந்து வருஷம் கிடந்து, பிறகு சின்னக் கம்பெனி ஒன்றின் கையில் தட்டாக வெளிவந்தது.

அதில் மூன்றாவது பாட்டுதான் பேர்போனது. ஒன்பதாவது நிமிஷத்தில் ஸ்டார்க்ஸ் முடிக்கப் போகிறார். மூச்சு இறங்குகிறது, கூட்டம் கைதட்டத் தயாராகிறது. அப்போது முன் மேஜையிலிருந்து ஒரு பெண், "நிறுத்தாத! ஐயோ, இப்ப நிறுத்தாத!" என்று கத்துகிறாள். டிரம்காரர் ஒரு அடி அடிக்கிறார். ஸ்டார்க்ஸ் மறுபடி எடுத்து, இன்னும் பதினொரு நிமிஷம் வாசிக்கிறார். அப்படி ஒரு வாசிப்பை அவர் வேறெங்கும் விட்டுப் போகவில்லை. அந்தக் கத்தலைப் பனியனில் அச்சடித்து விற்றார்கள். ஆல்டனிடமே இரண்டு இருந்தன.

அந்த மாலை எடுத்த புகைப்படம் ஒன்றும் உண்டு. பத்திரிகையில் வந்த மங்கலான பிரதிதான் எங்களுக்குத் தெரியும். 2003-இல் புகைப்படக்காரர் வீட்டுப் பெட்டியிலிருந்து நெகட்டிவ் கிடைத்து, ஆல்டன் அதைப் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்தான். முன்னால் ஸ்டார்க்ஸ், கண்ணை மூடிக்கொண்டு. மேஜையில் கோழி வறுவல் பொட்டலம், ஐஸ் வாளி. ஒரு கை தூக்கி, வாய் திறந்தபடி இளம்பெண். பின்னால் தூரத்தில், கதவோரம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு ஆள்.

"பாத்தியா? அந்த ஆளு நியூயார்க் இசைத்தட்டுக் கம்பெனிக்காரன். நான் எழுதினது சரி," என்றான் ஆல்டன். அந்தத் தொப்பிக்காரரைப் பற்றிச் சேகரிப்பாளர் பத்திரிகையில் மூன்று பக்கம் எழுதியவன் அவன்.

"கம்பெனிக்காரன் டிபன் டப்பாவோட வருவானாய்யா? இடுப்புகிட்ட பாரு," என்றேன் நான்.

"டெல்பர்ட், நீ பஸ் ஓட்டினவன். ரோட்டப் பாரு. படத்த என்கிட்ட விடு."

ரோஸெல் எங்கள் இருவருக்கும் நடுவே குனிந்தாள். அவள் தொப்பிக்காரரைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணின் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தையும், இடது காதின் மேல் சுழித்திருந்த ஒரு பிடி முடியையும் பார்த்தாள்.

"ஐயோ, இந்தத் தலைய நான் இருபது வருஷமா சீவறேன்," என்றாள். "வியாழக்கிழமை பத்து மணி. மிஸ் எர்லீன்."

சலவைக்கடையின் உள்ளறையில் உட்கார்ந்து கால்சட்டை விளிம்பு மடித்துத் தைக்கும் எர்லீன். வணக்கம் சொன்னால் பதில் வணக்கம், அதற்குமேல் ஒரு சொல் பேசாதவர். ஆல்டனால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. அன்றே அந்தத் தட்டை வெளியிட்ட கம்பெனிக்குப் போன் போட்டு, "ஆள் கிடைச்சாச்சு!" என்று சொல்லிவிட்டான். அவரிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே.

அடுத்த ஞாயிறு ரோஸெலும் நானும் போய் அழைத்து வந்தோம். சாம்பல் நிறக் கோட்டு, மடியில் கைப்பை. கோட்டை வாங்கி மாட்டுகிறேன் என்று ஆல்டன் கை நீட்டினான். "வேணாம்," என்று இரண்டு கையாலும் இழுத்து மூடிக்கொண்டார். உலர்த்தும் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். ஆல்டன் டேப்பை ஓடவிட்டான். ஒன்பதாவது நிமிஷம் வந்தது.

தன் குரல் வந்ததும் அவர் எங்களைப் பார்க்கவில்லை. திரும்பிக் கடைவாசலைப் பார்த்தார். பிறகு, "அந்தப் படத்தக் கொடுங்க," என்றார்.

கையுறை எதுவும் இல்லாமல் அவர் விரல் படத்தின் மேல் ஊர்ந்தபோது ஆல்டன் பல்லைக் கடித்துக்கொண்டான். தன் முகத்தின் மேல் அந்த விரல் நிற்கவேயில்லை. நேராகக் கதவுக்குப் போயிற்று.

"இது ஹார்வி."

"ஹார்வியா? எந்தக் கம்பெனி?" ஆல்டன் பேனாவை எடுத்துவிட்டான்.

"என் வீட்டுக்காரரு."

டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ரோஸெல் எழுந்து அதை நிறுத்தினாள். நிறுத்திய பிறகுதான் எர்லீன் பேசினார், அதுவும் ரோஸெலைப் பார்த்து மட்டும்.

"ஹார்வி இரும்பாலையில வேலை. போகும்போது வெளியில பூட்டிட்டுச் சாவியக் கொண்டுபோயிருவாரு. ஊர் கெட்டுக் கெடக்குன்னு சொல்லுவாரு. முதல்ல என் நல்லதுக்குத்தான்னு நானும் நெனச்சேன், கண்ணு. ஆறு வருஷம். ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு ஷிப்டு, ராத்திரிதான் வருவாரு. அடித்தளத்துல நிலக்கரி கொட்டற கதவு ஒண்ணு இருந்துச்சு. அது வழியா ஊர்ந்து வெளிய வந்து, பக்கத்து வீட்ல மூஞ்சி கழுவிக்கிட்டு, காஸ்பியனுக்குப் போவேன். நாலு மணிக்குப் போனா ஆறரைக்கு வீட்ல இருப்பேன். ஒரு வருஷம் அப்படிப் போனேன். ஹார்விக்குத் தெரியாது."

"அன்னிக்கு?" என்று கேட்டாள் ரோஸெல்.

"அன்னிக்கு ரெண்டாவது ஷிப்டு இல்லன்னு அனுப்பிட்டாங்களாம். வீட்ல என்னக் காணோம்னு பக்கத்து வீட்ல கேட்டிருக்காரு. நடுப் பாட்டுல திரும்பிப் பாக்கறேன், கதவுகிட்ட நிக்கறாரு. வேலை உடுப்போட. தொப்பியக் கழட்டிக் கையில வச்சிருக்காரு. நாலு பேரு முன்னாடி அவரு அவ்வளவு மரியாதையா நடந்துக்குவாரு. பாட்டு ஓடற வரைக்கும் அசைய மாட்டாரு, எனக்குத் தெரியும். பாட்டு முடிஞ்சா வருவாரு. அதான் கத்தினேன்."

ஆல்டன் பேனாவை மூடிப் பையில் வைத்தான்.

"அந்த மனுஷன் வாசிச்சாரு," என்றார் எர்லீன். "எவ்வளவு நேரம்னு சொன்னீங்க? பதினொரு நிமிஷமா? எனக்கு ஒரு சுரம்கூடக் காதுல விழல. கதவத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பாட்டு முடிந்ததும் ஹார்வி மேஜைக்கு வந்திருக்கிறார். எல்லோருக்கும் தலையசைத்து, நாற்காலி முதுகிலிருந்த கோட்டை எடுத்து, எர்லீன் இரண்டு கையையும் நுழைக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றாராம். பக்கத்து மேஜைப் பெண், "உன் புருஷன் மாதிரி ஒருத்தன் எனக்கு வாய்க்கலியே," என்றாளாம். பேருந்தில் வீடு திரும்பும்போது, அந்தப் பாட்டுக்கு என்ன பேர் என்று மட்டும் கேட்டார். அடிக்கவில்லை. மறுநாள் நிலக்கரிக் கதவில் இரும்புப் பட்டை அடித்தார். வானொலிப் பெட்டியைத் தன் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தார். பதினேழு வருஷம் கழித்து அவருக்குப் பக்கவாதம் வந்து கையும் வாயும் இழுத்துக்கொண்டன. அதற்குப் பின்னும் சாவி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. எர்லீனே அதை எடுத்துப் பூட்டித் திறந்து, திரும்ப அதே பையில் போட்டு, பதினான்கு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டார்.

"ஏன் மிஸ் எர்லீன், அப்பவாவது போயிருக்கலாமே?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எங்க போறது கண்ணு?" என்றார். கோபமே இல்லாமல்.

இதோடு அவரை நாங்கள் விட்டிருக்கவேண்டும். ஆனால் ஆல்டனின் போன் ஏற்கெனவே வேலை செய்துவிட்டது. கம்பெனி ஆள் பூங்கொத்தோடு சலவைக்கடைக்கே வந்தான். வசந்த காலத்தில் அந்தத் தட்டுக்கு விழா, ஸ்டார்க்ஸின் டிரம்காரர் வாசிக்கிறார், மிஸ் எர்லீன் மேடையில் நின்று அந்த ஒரு வரியைச் சொன்னால் போதும். போஸ்டர் அடித்தாகிவிட்டது. ஆல்டன் அவர் முன் நின்று கெஞ்சினான்.

"வேணாம்னு சொல்லிருங்க மிஸ் எர்லீன். நான் அவனுங்ககிட்ட பேசிக்கறேன். தப்பு என்னுது."

"அந்தப் புள்ள பூவோட வந்துருச்சே," என்றார் அவர். "வேணாம்னு சொல்லிப் பழக்கமில்லப்பா எனக்கு. எப்படிச் சொல்றதுன்னே தெரியல."

போனார். சனிக்கிழமை மதியம், கல்லூரி விருந்து அரங்கு, முந்நூறு பேர் இருக்கும். பாதிப் பேர் அந்தப் பனியனோடு வந்திருந்தார்கள். நிற்க இடமில்லாமல் வாசல் கதவுகளை மறைத்துக்கொண்டு ஆட்கள் நின்றார்கள். எர்லீன் மேடைக்கு வந்ததும் கூட்டம் முழுக்க எழுந்து, "நிறுத்தாத! நிறுத்தாத!" என்று அவரைப் பார்த்துக் கத்தியது. அன்பாகத்தான் கத்தினார்கள். அவர் கண்கள் ஒவ்வொரு கதவாகத் தேடின. எதுவும் தெரியவில்லை.

கம்பெனி ஆள் மைக்கை அவர் வாய்க்கு முன்னால் நீட்டினான். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, நிதானமாக, எங்களிடம் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"நான் பாட்டுக்காகச் சொல்லல. என் புருஷன் கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாரு."

அரங்கு சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. மேஜையைத் தட்டினார்கள், பக்கத்திலிருந்தவன் முதுகில் அடித்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்ட மனைவி, துரத்தி வந்த கணவன், இதைவிட நல்ல நகைச்சுவை உண்டா? டிரம்காரர் சிரிப்போடு சேர்த்து ஓர் உருட்டு உருட்டினார். எர்லீன் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவர் உதடு அந்தச் சிரிப்புக்குத் தக்கபடி கொஞ்சம் அகன்றதை நான் பார்த்தேன். முப்பத்தேழு வருஷம் பழகிய உதடு அது.

ஆல்டன் மேடையில் ஏறிவிட்டான். "யோவ், சிரிக்காதீங்கய்யா! அந்தம்மா உண்மையச் சொல்றாங்க!" என்று கத்தினான். மைக் அவன் கையில் இல்லை. அவனைப் போல ஒரு தடித்த ஆள் மேடையில் குதிப்பதும் வேடிக்கையில் சேர்ந்துவிட்டது. ரோஸெல்தான் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து போய், அவர் முழங்கையைத் தொட்டு, "வாங்க, நாம போலாம்," என்று சமையலறை வழியாக வெளியே கூட்டிவந்தாள்.

தட்டின் அடுத்த பதிப்பின் உறையில் அது வேடிக்கைக் கதையாக அச்சாயிற்று. ஆல்டன் நான்கு பக்கம் மறுப்பு எழுதினான். பத்திரிகை எட்டு வரி போட்டது. டேப்பிலிருந்து அந்தக் குரலை மட்டும் எடுத்துவிட முடியுமா என்று தெரிந்த பதிவுக்காரரிடம் கேட்டான். அவர் ஒரு வாரம் முயன்றுவிட்டு, "ஒரே மைக்குப்பா. அந்தம்மாவ எடுத்தா ஸ்டார்க்ஸும் கூடவே போயிடறாரு," என்றார். ஆல்டன் இதை எர்லீனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை தூக்கவில்லை.

"விடுப்பா. அது உள்ளதான் இருக்கும்," என்றார்.

நாங்கள் எதிர்பாராத ஒன்று, அவர் எங்களை விடாததுதான். ஞாயிறுதோறும் வர ஆரம்பித்தார். வாசலைப் பார்த்த நாற்காலி அவருக்கு. அந்தத் தட்டை எங்கள் கடையில் யாரும் பிறகு போடவில்லை. ஸ்டார்க்ஸின் ஸ்டூடியோ வாசிப்புகளைக் கேட்டுவிட்டு, "நல்லா வாசிச்சிருக்காரே," என்றார், யாரோ புது ஆளைப் பற்றிச் சொல்வதுபோல. பழைய புகைப்படங்களில் யாருக்கும் பேர் தெரியாத பெண்கள் இருந்தால், உடுப்பின் தையலைப் பார்த்து எந்த வருஷம், எந்தக் கடை என்று சொல்லிவிடுவார். ஆல்டன் பல தேதிகளை அவர் சொல்லித்தான் திருத்தினான்.

கச்சேரி எங்காவது நடந்தால் நான் என் காரில் கூட்டிப்போவேன். ஓரத்து நாற்காலிதான் வேண்டும். கோட்டைக் கழற்ற மாட்டார். கடைசிப் பாட்டு என்று தெரிந்ததும், அது முடிவதற்குள் எழுந்துவிடுவார். கைதட்டல் தொடங்கும்போது நாங்கள் கார் நிறுத்தத்தில் இருப்போம். ஒருநாள் மட்டும், "இன்னிக்கு உக்காந்து பாக்கறேன்," என்றார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். டிரம்ஸ் முடிவை நோக்கி இறங்க இறங்க அவர் நகம் என் தோலில் பதிந்தது. முடிவதற்கு முன்னாலேயே, "வா கண்ணு," என்றார். எழுந்து வந்தோம்.

காரில் பெல்ட் போட்டுக்கொண்டார். பிறகு, "கடைசியில எப்படி முடிச்சிருப்பாங்க?" என்று கேட்டார்.

நாலு வருஷமாக நானும் அவரோடு எழுந்து வந்துகொண்டிருந்தவன்தானே. "தெரியல மிஸ் எர்லீன்," என்றேன். வண்டியை எடுத்தேன்.