சந்தனப் பொட்டுக்குப் பின்னால் எரிந்த லைட்

திருப்பதியில் ஒரு டிராவல்ஸில் இருபத்திரண்டு வருஷம் கார் ஓட்டினேன். நடுரோட்டில் என் வாயை அடைத்த பாசஞ்சர் ஒரே ஒருவர்தான். பெயர் விஜயா. குவைத்தில் வீட்டு வேலை செய்பவர்.

லீவு முடிந்து திரும்பும் அவரைச் சென்னை ஏர்போர்ட்டில் விடும் டிரிப் அது. அன்று பிளைட் ஏறாவிட்டால் அங்கே மேடம் வேறு ஆளை வைத்துக்கொள்வார் என்று வண்டியில் ஏறும்போதே சொன்னார். வழியனுப்ப அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் வந்தார்கள். பின்சீட்டில் பாதியைப் பெட்டிகள் பிடித்துக்கொண்டதால் விஜயா முன்னால் உட்கார்ந்தார்.

வண்டி புத்தம் புதுசு. முந்தின நாள் ஆயுத பூஜை. ஸ்டியரிங், கண்ணாடி, மீட்டர் என்று ஓர் இடம் விடாமல் சந்தனம், குங்குமம் வைத்திருந்தேன். பூஜைப் பொட்டைத் துடைக்க எங்களில் யாருக்கும் மனசு வராது. தானாக உதிரட்டும் என்று விட்டுவிடுவோம்.

புத்தூர் தாண்டி எண்பதில் போய்க்கொண்டிருந்தோம்.

"அண்ணா, மீட்டர்ல பொட்டு மினுக்கிக்கினு கீது."

"பூஜை போட்ட வண்டிம்மா. மினுக்கத்தான் செய்யும்" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையை நீட்டிச் சந்தனத்தை விரலால் துடைத்தார். உள்ளே மஞ்சள் லைட். லாடம் போல ஒரு வளைவு, நடுவில் ஆச்சரியக்குறி.

"டயர்ல காத்து கம்மியானா வர்ற லைட்டுண்ணா இது. எங்க மேடம் இத பாத்தா அப்பவே ஓரங்கட்டிடுவாங்க."

"சென்சார் கம்ப்ளெயிண்ட்டா இருக்கும். அடுத்து நகரி வரும், அங்க பாத்துக்கலாம். பிளைட்டுக்கு லேட் ஆயிடும்மா."

"பிளைட்டு எனக்குத்தானே போவுது? பின்னாடி பிள்ளைங்க குந்திக்கினு கீதுங்க. நிறுத்துங்கண்ணா."

குரலை அவர் உயர்த்தவே இல்லை. எனக்குக் கோபம்தான். ஆனாலும் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். சடாரென்று பிரேக் மிதிக்காமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தணிந்ததும் இண்டிகேட்டர் போட்டு, சமதரையில் ஓரங்கட்டினேன். நான் இறங்குவதற்குள் அவர் பிள்ளைகளை இடது கதவு வழியாக இறக்கி, ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்தியிருந்தார்.

பின்னால் இடது டயரில் ஆணி. பாதிக் காற்று போய், பக்கவாட்டில் கை வைக்க முடியாத சூடு. ஸ்டெப்னியிலும் காற்று கொஞ்சம் கம்மி. பூஜைக்கு நாலு டயரையும் கழுவியவன் அதை மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அதை மாட்டி, நாற்பதைத் தாண்டாமல் நகரி வரை உருட்டினேன். பஞ்சர் கடைக்காரர் கழற்றிய டயருக்குள் கையை விட்டார். உள்பக்கம் அரைபட்டு, கை நிறைய ரப்பர் தூள் வந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா வெடிச்சிருக்கும்" என்றார். விஜயா அந்தத் தூளைப் போட்டோ எடுத்து மேடத்துக்கு அனுப்பினார்.

ஏர்போர்ட் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். விஜயா பெட்டிமேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. போட்டோவைப் பார்த்த மேடம் பொறுத்துக்கொண்டதால் அடுத்த வாரம் போய்ச் சேர்ந்தார்.

இப்போது வண்டி ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. அந்த லைட் வந்தால் காரணம் யோசிக்காதீர்கள். மெதுவாக ஓரங்கட்டி, இறங்கிப் பாருங்கள்.

அந்த டிரிப்புக்கு மறுநாள் டிராவல்ஸ் ஓனர் கூப்பிட்டார். பிளைட்டைத் தவறவிட்டதற்கு வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"லைட்ட பாத்ததும் நிறுத்திட்டியாமே. அந்தம்மா போன் பண்ணி சொல்லிச்சு, அண்ணன் இல்லன்னா பிள்ளைங்க கெதி இன்னான்னு. மஞ்சி பனி, நல்ல வேல செஞ்சேப்பா" என்று முதுகில் தட்டினார்.

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். லைட்டைப் பார்த்தது நான் இல்லை, விஜயா என்று இன்றைக்குத்தான் சொல்கிறேன்.