சூடாகாத மெஷின்

மடவளை ரிஸ்வி நானா பல்கலைக்கழகத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். பக்கத்து அறை மனநல ஆலோசகர் மிஸ்ஸுடையது. பயத்தில் நித்திரை கெட்டு, மனம் சோர்ந்து வரும் பிள்ளைகள் அதற்குள் நேரே நுழைய வெட்கப்படுவார்கள். நானாவிடம் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, தாழ்வாரம் காலியானதும் நழுவுவார்கள். ஒருத்தி ஒரே அட்டையை ஆறு தடவை கொப்பி எடுத்தாள்.

நானாவுக்குப் பாவமாகிவிட்டது. "மிஸ்ஸைப் பார்க்க வருபவர்கள் கொப்பி எடுக்கத் தேவையில்லை" என்று பலகை மாட்டினார். அன்றைக்கு ஈ காக்கை கூட வரவில்லை. மிஸ்ஸே எட்டிப் பார்த்து, "இன்டைக்கு கெம்பஸ் லீவா நானா?" என்றார்.

தன்னையே திட்டிக்கொண்டு பலகையைக் கழற்றினார். மறுநாள் அந்த ஆறு கொப்பிக்காரி அட்டையோடு வந்தாள். காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த மெஷினை நானா தட்டினார்.

"இன்னும் சூடாகல்ல மகள், கொஞ்சம் இரிங்க."

தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தார். யாருமில்லை.

"இப்ப சூடாகிட்டு. போங்க."