நிலாவெளித் தூண் பற்றிய ஆரம்ப விசாரணை

ஓகஸ்ட் விடுமுறையில் திருகோணமலைக்காரர் எவரும் திருகோணமலையைச் சுற்றிப் பார்க்கப் போகக்கூடாது. அந்த மாதம் ஊர் எங்களுடையது அல்ல. கொழும்பிலிருந்து வரும் வான்களுக்கும், அவற்றின் கூரையில் கட்டியிருக்கும் சமையல் சட்டிகளுக்கும், கதவைத் திறந்ததும் அலறத் தொடங்கும் ஒலிபெருக்கிகளுக்கும் உரியது. இது நன்றாகத் தெரிந்த மூன்று ஓய்வூதியக்காரர்கள், அதே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஒரு பழைய வெள்ளைக் காரில் இறக்கக்கண்டிப் பாலம் பார்க்கப் புறப்பட்டோம். அந்தப் பாலத்தை நாங்கள் மூவரும் கட்டும்போதும் பார்த்திருக்கிறோம், கட்டி முடிந்த பிறகும் பார்த்திருக்கிறோம். அங்கே புதிதாகப் பார்க்க எதுவும் இல்லை.

ஆனால் காரணம் இருந்தது. கார், உப்புவெளியில் தனியாக வசிக்கும் என் நண்பருடையது. நில அளவையாளராக இருந்தவர். ஊரில் இன்றும் அவர் சர்வேயர்தான். ஒரே மகன் வெள்ளவத்தையில் ஏழாம் மாடியில் இருக்கிறான். இந்த வருடத் தொடக்கத்தில் சர்வேயர் தன் சொந்த வீட்டுக் கேற்றை இடித்துச் சாய்த்துவிட்டார். மாவட்டம் முழுவதும் அங்குலக் கணக்கில் எல்லை போட்டவருக்கு வீட்டு வாசலின் அகலம் பிடிபடவில்லை. அன்றிலிருந்து மகன் ஒரு திட்டம் வைத்திருக்கிறான்: முதலில் காரை விற்பது, பிறகு அப்பாவை ஏழாம் மாடிக்கு ஏற்றுவது. கார் போனால் உப்புவெளியில் தனியாக இருக்க வழியில்லை என்பது மகனுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

பல வாரம் தொலைபேசியில் மன்றாடிய பிறகு மகன் ஒரு சலுகை தந்தான். சன நெரிசலான விடுமுறை நாள் ஒன்றில் இறக்கக்கண்டி வரை ஓட்டிப்போய், ஒரு கீறலும் விழாமல் திரும்பினால் கார் இருக்கலாம். கீறல் விழுந்தால் அடுத்த வாரமே வாங்குகிறவர் வருவார். சாட்சிகளாக நாங்கள் இருவரும் ஏற்றப்பட்டோம்.

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒழுக்காற்று விசாரணைகள் நடத்தி ஓய்வு பெற்றவன். பின்சீற்றில் இருந்தவர் கிண்ணியாக்காரர், பிரதம லிகிதராக இருந்தவர். அவர் எழுதிய எந்தக் கடிதமும் உரியவருக்கு மட்டும் போனதில்லை. அடியில் 'பிரதி' என்று போட்டு, சம்பந்தப்பட்டவர், சம்பந்தப்படாதவர், சம்பந்தப்பட விரும்பாதவர் எல்லோருக்கும் அனுப்புவார். பயணத்துக்கென்று மகன் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி எங்கள் மூவரையும் சேர்த்திருந்தான். அதை அப்போதே தடுத்திருக்க வேண்டும்.

சர்வேயரின் ஓட்டத்துக்கு ஒரேயொரு விதி உண்டு: பின்னால் எடுக்க வேண்டிவரும் இடத்துக்குப் போவதில்லை. அதனால் எங்கள் சுற்றுலா முழுவதும் ஓடும் காருக்குள்ளேயே நடந்தது.

"போர்க் கல்லறையைப் பாக்கேலாதா?" என்று லிகிதர் கேட்டார்.

"பாக்கலாமே. இந்தா இப்ப வருது. பாருங்கோ."

"நிப்பாட்டினாத்தானே மச்சான் பாக்கலாம்."

"நிப்பாட்டினா ரிவேர்ஸ் போட வேணும் ஐசே. இந்த வேகத்தில வடிவாப் பாத்து முடிக்கலாம்."

முடிக்கலாம்தான். கல்லில் எழுதியிருந்த பெயர்களையே வாசித்திருக்கலாம். மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. பின்னால் வான்கள் வரிசையாகக் கத்தின. ஒவ்வொரு கத்தலுக்கும் சர்வேயர் கையை வெளியே போட்டு வணக்கம் வைத்தார், யாரோ தெரிந்தவர்கள் கூப்பிடுகிறார்கள் என்பதைப்போல.

நிலாவெளியில் லிகிதர் நெளிய ஆரம்பித்தார்.

"மச்சான், எனக்கு இறங்க வேணும்."

"இறக்கக்கண்டியில இறங்கலாம்."

"அது வரைக்கும் ஏலாது."

"கொஞ்சம் பொறுக்கேலாதே?"

"சீனி வருத்தக்காரன்ட பொறுமையச் சோதிக்காதீங்க. பிறகு சீற்றுக்கு நான் பொறுப்பில்ல."

சீற்றைப் பற்றிய அந்த வாசகம் வேலை செய்தது. புறாத்தீவுக்குப் படகு ஏறுகிறவர்கள் வாகனங்களை நிறுத்தும் பக்கமாக, ஒரு தேநீர்க் கடையின் மணல் முற்றத்துக்குள் கார் நுழைந்தது. லிகிதர் ஓடினார். நாங்கள் தேநீர் குடித்தோம். அது முடிவதற்குள் ஒரு கொழும்பு வான் எங்கள் முன்னால் வந்து நின்று, உள்ளிருந்தவர்கள் எல்லோரும் கடலுக்குள் இறங்கிவிட்டார்கள், சாரதி உட்பட. முன்னால் வழியில்லை.

சர்வேயர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார். "அவங்கள் வரும் மட்டும் இருப்பம்."

"அவங்கள் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவாங்கள்," என்றேன். "பின்னால எடுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் நிண்டு பாக்கிறம்."

இதைவிடத் தெளிவாக ஒரு காரியத்தை ஒழுங்கு செய்ய முடியாது. காரின் இடப்பக்கம் ஒரு முச்சக்கர வண்டி. அது என் பொறுப்பு. வலப்பக்கம் கரையேற்றி வைத்த ஒரு படகு. அது லிகிதரின் பொறுப்பு. நான் முச்சக்கர வண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் "வரட்டும்" என்றேன். அவர் படகிலிருந்து கண்ணை எடுக்காமல் "வரட்டும், வரட்டும்" என்றார். சர்வேயர் இரண்டு உத்தரவுகளுக்கும் கீழ்ப்படிந்தார். நடுவில் குட்டையான ஒரு கொங்கிறீட் தூண் இருந்தது. அது என் பிரிவிலும் இல்லை, அவர் பிரிவிலும் இல்லை.

சத்தம் பெரிதாக இல்லை. பின் பம்பரில் ஓர் உள்ளங்கை அளவு பள்ளமும், அதற்கு மேலே நீளமாக ஒரு கீறலும். தேநீர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "தூணுக்கு ஒண்டும் இல்லை ஐயா, பயப்பிடாதேங்கோ," என்றார்.

சர்வேயர் இறங்கி வந்து குந்தியிருந்து கீறலை விரலால் தடவினார். பிறகு எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, "ஏழாம் மாடியில லிப்ட் அடிக்கடி நிக்குமாம்," என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. தூணில் கோபம், கடலில் குளிக்கும் வான் சாரதியில் கோபம். எல்லாவற்றையும்விட லிகிதரில் கோபம்.

"நீங்கள் ஏன் தூணைப் பாக்கேல்ல?"

"என்னைப் படகுக்குத்தானே போட்டீங்க. தூண் உங்கட பக்கம்."

"என்ட பக்கம் இல்லை. நடுவில."

"அப்ப நடுவுக்கு ஆரைப் போட்டீங்க?"

பேச்சை விட்டு, உருப்படியான வழியை யோசித்தேன். ஊருக்குத் திரும்பியதும் பட்டறையில் கொடுத்தால் திங்களுக்குள் சரி செய்துவிடலாம். மகனுக்குச் சொல்வதா, எப்போது சொல்வது, யார் சொல்வது என்று மூவரும் ஆறுதலாகப் பேசி முடிவெடுக்கலாம். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது லிகிதரின் கையில் தொலைபேசி இருப்பதைக் கண்டேன்.

"என்ன செய்தனீங்கள்?"

"படம் எடுத்தன். சம்பவம் நடந்தா உடன தெரியப்படுத்த வேணும்தானே."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்தான். குழுவில போட்டிட்டன்."

நாற்பது வருடப் பழக்கத்தை ஒரு தூண் திருத்தாது. படத்துக்குக் கீழே அவர் விவரமும் எழுதியிருந்தார்: 'நிலாவெளி. பின்பக்கம். உயிர்ச்சேதம் இல்லை.'

"அழிச்சுவிடுங்கோ!"

"அனுப்பினதை எப்பிடி அழிக்கிற? அது முறையில்லையே," என்றார், உண்மையான அதிர்ச்சியோடு.

சர்வேயரின் தொலைபேசி அடித்தது. மகன். அவர் திரையைப் பார்த்தார், எடுக்கவில்லை. அது நின்றது. பிறகு என்னுடையது அடித்தது.

"அங்கிள், அப்பா இடிச்சிட்டாரா?"

"வணக்கம் தம்பி."

"வணக்கம். இடிச்சிட்டாரா?"

"தம்பி, சம்பவம் ஒண்டு நடந்திருக்குது. அதை மறுக்கேல்ல."

"அப்ப காரை அங்கயே விடுங்கோ. நான் ஆளை அனுப்பி எடுப்பிக்கிறன். நீங்கள் மூண்டு பேரும் பஸ்ஸில போங்கோ."

சர்வேயர் கார்ச் சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் உத்தியோகக் காலம் முழுவதும், முடியாத விசாரணைகளை முடித்துவைக்கப் பாடுபட்டவன். சாட்சி வரமாட்டார், வந்தால் விசாரணைக் கோவை அலுமாரியிலிருந்து வராது, கோவை வந்தால் தலைவருக்கு இடமாற்றம் வரும். ஒரு விசாரணையை எப்படியெல்லாம் இழுக்கலாம் என்பதை அதனாலேயே என்னைப்போல அறிந்தவர் இந்த மாவட்டத்தில் இல்லை.

"அப்பிடிச் செய்யேலாது தம்பி," என்றேன். "ஆரம்ப விசாரணை தொடங்கியாச்சு. கார் இப்ப சான்றுப் பொருள். விசாரணை முடியும் மட்டும் விக்கேலாது, கைமாத்தேலாது, ஆரிட்ட இருந்ததோ அவரிட்டத்தான் இருக்க வேணும்."

"அங்கிள், பகிடி விடுறீங்களோ?"

"நான் விசாரணையில பகிடி விட்டதை ஆரும் கண்டதில்லை."

"ஆர் விசாரிக்கிறது?"

"நான்தான்."

"நீங்கள்தானே பின்னால நிண்டு சைகை காட்டியிருப்பீங்கள்?"

பையன் கெட்டிக்காரன். தகப்பனின் மூளை. "அதுவும் விசாரிக்கப்படும்," என்றேன். "என்னைப் பற்றின பகுதிக்கு வேறொருவர் வேணும். தெரிவு செய்யக் கொஞ்சக் காலம் எடுக்கும்."

மறுமுனையில் ஒரு மூச்சு. சிரிப்பா சலிப்பா என்று இன்றும் சொல்லமாட்டேன். "சரி. மெதுவா ஓட்டச் சொல்லுங்கோ," என்று வைத்துவிட்டான். மெதுவாக ஓட்டச் சொல்வதா! வேகமாக ஓட்டும் குறை ஒன்றைத் தவிர மற்ற எல்லாக் குறையும் எங்கள் சாரதிக்கு உண்டு.

லிகிதர் குழுவில் எழுதினார்: 'விசாரணை ஆரம்பம். பிரதி அனைவருக்கும்.'

அதன் பிறகு இறக்கக்கண்டிக்குப் போனோம். லிகிதர் பள்ளிவாசலில் மத்தியான லுகர் தொழுதுவிட்டு வந்தார். சோற்றுப் பார்சலைக் காருக்குள் வைத்தே சாப்பிட்டோம், சம்பல் புளித்திருந்தது. பாலத்தைப் பார்த்தோம். அது அங்கேயே இருந்தது. திரும்புவதற்கு ரிவேர்ஸ் போட வேண்டுமென்பதால், காரை ஒரே வட்டமாகத் திருப்பக்கூடிய இடம் தேடிக் குச்சவெளி வரை போனோம்.

தீபாவளிக்கு மகன் வந்தான். பம்பரின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றான்.

"அங்கிள், எப்ப முடியும்?"

"சாட்சிகளை இன்னும் விசாரிக்கேல்ல."

"தூணையும் விசாரிப்பீங்களோ?"

"அது நிலாவெளியில. அழைப்பாணை அனுப்ப வேணும்."

அவன் தலையை ஆட்டிவிட்டு, அப்பாவோடு சந்தைக்குப் போகப் பின்சீற்றில் ஏறிக்கொண்டான். கேற்றைத் தாண்டும் வரை இரண்டு கைகளாலும் முன்சீற்றைப் பிடித்திருந்தான். பிறகு ஒரு கையை எடுத்தான். காரை வாங்குகிறவர் பற்றிய கதை அந்த முறை எழவில்லை.

விசாரணைக் குழு இப்போது வாரம் ஒருமுறை உப்புவெளிக் கடற்கரையில் கூடுகிறது. குழுவை ஏற்றி வருவது சான்றுப் பொருள்தான். ஒவ்வொரு முறையும் ஒத்திவைக்கக் காரணம் தேடுவது என் தலையில் விழுந்திருக்கிறது. காரணம் கண்டுபிடிப்பது இவ்வளவு கடினம் என்று உத்தியோகத்தில் இருந்தபோது எனக்குத் தெரியவில்லை. மற்ற இருவரும் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு தலையாட்டுகிறார்கள்.

நேற்று வரும் வழியில் சர்வேயர் சிக்னல் போடாமல் சந்தியில் திருப்பினார். எதிரே வந்த பஸ் சாரதி எங்கள் மூவரின் பரம்பரையையும் விசாரித்துவிட்டுப் போனார். பின்சீற்றில் ஏதோ அசைந்தது. திரும்பிப் பார்த்தேன். லிகிதர் தொலைபேசியை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான் கையை நீட்டி அதைப் பிடுங்கி என் சட்டைப் பைக்குள் போட்டேன்.