தாளிக்காத ரசம்

இராசமலரின் பூன் லே வீட்டில் பாக்கியலட்சுமிக்கு வாடகை அறையோடு அடுப்பும் உண்டு. தாளிப்பு மட்டும் கிடையாது. அதை முதல் நாளே இராசமலர் சொல்லிவிட்டார். மேகி கிண்டலாம், முட்டை அவிக்கலாம், சோறு பொங்கலாம். கடுகு வெடிக்கக் கூடாது.

"கேபினெட் எல்லாம் என் மக தாரகா செஞ்சு கொடுத்தது. வெள்ளை. எண்ணெய்ப் புகை பட்டா மஞ்சளாயிடும். அவ பார்த்தா என்னைத்தான் ஏசுவா, உன்னை இல்ல."

பாக்கியலட்சுமி தலையாட்டினாள். அறந்தாங்கியிலிருந்து இந்தத் தீவுக்கு டிப்ளமா படிக்க வந்தவள் அதற்கு முன் மூன்று அறைகள் பார்த்திருந்தாள். இரண்டில், எந்த ஊர் என்று கேட்ட பிறகு அறை போய்விட்டது என்றார்கள். இன்னொன்றில் ஒரே அறைக்குள் ஆறு பெண்கள். இங்கே ஒரு மேசை, ஒரு ஜன்னல், கதவைச் சாத்தினால் அமைதி. நவம்பர் பரீட்சை வரை இந்த மேசை இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது மாதம் அப்படியே பழகிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடிக்கவும், சாப்பிட்ட தட்டைத் தானே கொண்டுபோய் வைக்கவும் கற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் கறிவேப்பிலையை எடுத்து முகர்ந்துவிட்டுத் திரும்ப வைத்துவிடுவாள். தாளிக்காமல் கொதிக்கவைத்த ரசத்தை வீடியோவில் பார்த்த அம்மா, இதென்ன புளித்தண்ணி என்றார். அம்மா பெட்டியில் வைத்து அனுப்பிய இரும்புத் தாளிப்புக் கரண்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

இராசமலர் நல்லவர்தான். அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் கிளார்க். மழை வரும் என்றால் குடையை எடுத்துக் கையில் கொடுப்பார். தொலைக்காட்சித் தொடர் தொடங்கினால், "பாக்கியா, வந்து உட்காரு லா" என்று அந்த ஊர் இழுவையோடு கூப்பிடுவார். ஆனால் சொன்ன விதி சொன்னதுதான்.

அக்டோபரில் அவருக்கு டெங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் இருந்துவிட்டுத் திரும்பியபோது நாக்கு செத்துப்போயிருந்தது. தாரகா பொங்கோலில் இருந்தாள். தீவின் அந்தக் கோடி. வேலை முடிந்து ஒன்றேகால் மணி நேரம் ரயிலில் வந்து, பிளாஸ்க்கில் கோழிக் கஞ்சி வைத்துவிட்டுப் போவாள். அவள் போனதும் இராசமலர் அதை நகர்த்திவைப்பார்.

"சிங்க்ல ஊத்திடு பாக்கியா. தாரகாகிட்ட சொல்லிடாதே. பாவம், எவ்வளவு தூரம் தூக்கிட்டு வர்றா."

பாக்கியலட்சுமி தலையாட்டினாள். இரண்டாம் நாள் இராசமலர், ரசம் வைக்கத் தெரியுமா என்று கேட்டார். தாளிக்கலாமா என்று கேட்டாள் இவள்.

"தாளிக்காம என்ன ரசம்?"

கட்டிலுக்கு அடியிலிருந்து கரண்டி வெளியே வந்தது. நெய்யில் கடுகும் காய்ந்த மிளகாயும் பொரிந்த வாசம் கூடத்துக்குப் போனதும், படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்தார். குழைந்த சோற்றில் ரசத்தை ஊற்றிக் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். பாக்கியலட்சுமி நான்கு நாள் வைத்தாள். காலை வகுப்பு இரண்டு போனது. கஞ்சி தினமும் சிங்க்கில் போனது.

ஆறாம் நாள் தாரகா அரை நாள் லீவு போட்டு மத்தியானமே வந்துவிட்டாள். அடுப்பில் ரசம், கரண்டியில் கடுகு இன்னும் அடங்கவில்லை. வெள்ளைக் கதவில் இரண்டு மூன்று எண்ணெய்ப் பொட்டு. யார் இதைச் செய்யச் சொன்னது என்று தாரகா கேட்டாள். பாக்கியலட்சுமி கூடத்தைப் பார்த்தாள். இராசமலர், மகள் கையிலிருந்த பிளாஸ்க்கைப் பார்த்தார்.

"நான் படுத்துக் கிடக்கேன். அது இஷ்டத்துக்குத் தாளிக்குது. நான் என்ன செய்ய?"

பாக்கியலட்சுமி வாயைத் திறந்தாள். சிங்க்கில் ஊற்றிய ஐந்து பிளாஸ்க் கஞ்சியைச் சொல்ல வேண்டியதுதான். சொல்ல மாட்டேன் என்று தலையாட்டியவளும் அவள்தான். மகள் போன பிறகு ஆன்ட்டி எப்படியும் சரிக்கட்டுவார் என்று நம்பினாள்.

"சாரிக்கா. நான்தான்."

மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யும்படி சொல்லிவிட்டு, தாரகா துணியை நனைத்துக் கதவைத் துடைத்தாள். தாரகா இறங்கிப் போகும் லிஃப்ட் சத்தம் கேட்கும் வரை இராசமலர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, ரசம் சூடாக இருக்கிறதா என்று கேட்டார். பாக்கியலட்சுமி ஊற்றிக் கொடுத்தாள். பரீட்சை முடியும் வரை இருக்கட்டுமா என்று கேட்டாள்.

"என் மக வாயால சொல்லிட்டா. நான் மாத்திச் சொன்னா ஏன்னு கேப்பா லா. உனக்கென்ன, சின்னப் பொண்ணு, வேற ரூம் கிடைக்கும்."

கிடைத்தது. ஜூரோங்கில், நான்கு பேர் படுக்கும் அறையில், மேல்படுக்கை. மேசை கிடையாது, சமையலே கிடையாது. பரீட்சைக்கு இரண்டு வாரம் இருந்தது. பெட்டி கட்டும்போது இராசமலர் வாசலில் வந்து நின்றார். உடம்பு தேறியிருந்தது.

"அங்கதான் சமைக்க விட மாட்டாங்கன்னியே. அந்தக் கரண்டியை இங்க வச்சிட்டுப் போயேன்."

"இல்ல ஆன்ட்டி. எனக்கு வேணும்."

"ஒரு கரண்டிக்கா இவ்வளவு கோபம்?"

பாக்கியலட்சுமி கரண்டியை நைட்டிக்குள் சுற்றிப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

மேல்படுக்கையில் முதுகு வளைந்து படித்து எழுதியதில் ஒரு பேப்பர் போய்விட்டது. அதற்காக இன்னும் ஒரு செமஸ்டர் இருக்க வேண்டும். முடிவு வந்த அன்று இராசமலர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: பாஸா?

பாக்கியலட்சுமி என்னென்னவோ நீளமாக எழுதினாள். எல்லாவற்றையும் அழித்தாள். பிறகு எழுதி அனுப்பினாள்: பாஸ் ஆன்ட்டி.