முதலில் கண்டவள்

செய்தி வந்தபோது காலை பத்து மணி இருக்கும். பௌசியா ராத்தாவின் தொலைபேசி அவரது மடியில் அதிர்ந்தது. அவர் கேட்டுவிட்டு மிதியிலிருந்து காலை எடுத்தார். அவருடைய மெஷின் நின்றது. பக்கத்து மெஷின் நின்றது. எங்கள் செட்டிபாளையம் தையல் கொட்டிலின் பன்னிரண்டு மெஷின்களும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியபோதே, எங்கள் மேற்பார்வையாளர் இந்திராணி அக்கா போய்விட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"விடியக்காலம, ஆஸ்பத்திரியில" என்றார் ராத்தா.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்குக் கொட்டிலின் சார்பில் யாராவது எழுத வேண்டும் என்று அக்காவின் அம்மா கேட்டார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்தியவள். அதிகம் பேசாதவளுக்கு எழுத வரும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அக்காவை அறிந்த உங்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். போன மார்கழியில் நான் அவரிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அதை மறைத்துக்கொண்டு அவரைப் புகழ்ந்து எழுத எனக்குக் கை வரவில்லை.

எங்கள் கொட்டில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில், சுனாமியில் ஊர் கடலோடு போன மறுவருடம் உதவிக்கு வந்தவர்கள் கட்டித் தந்தது. பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறோம். வெள்ளைச் சட்டை, நீலக் காற்சட்டை. நான் பதினைந்து வயதில் சேர்ந்தேன். அப்போது மேற்பார்வைக்கு ஒருவர் இருந்தார், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுவோம். அவர் பெயர் இங்கே வேண்டாம். வேலை நன்றாகத் தெரிந்தவர். ஆனால் அவருடைய செருப்புச் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டால் நேராகப் போன தையல் வளைந்துவிடும். ஊசி விரலில் ஏறினால் நாங்கள் முதலில் பார்ப்பது விரலை அல்ல, துணியை. இரத்தம் பட்ட ஒரு சட்டையை நான் கட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். மறுநாள் கறை ஊறி நான்கு சட்டைகளுக்குப் பரவியிருந்தது.

காற்சட்டைத் துணிக்கு ஒரு முகம் உண்டு, நீலம் கறுத்த பக்கம். வெட்டும் மேசையில் விரிக்கும்போது ஒரு அடுக்கைப் போட்டு, அடுத்ததைப் புரட்டி, முகமும் முகமும் பார்க்கப் போட வேண்டும். அப்போதுதான் இடக்காலும் வலக்காலும் சோடியாக வரும். சேர் ஒரு நாள் கோபத்தில் இருந்தார். புரட்டாமல் வெட்டிவிட்டார். வந்ததெல்லாம் வலக்கால். இரண்டு வலக்கால்களைப் பொருத்த ஒன்றைப் புறம் மாற்ற வேண்டும்; அப்போது ஒன்று கறுத்தும் ஒன்று வெளுத்தும் தெரியும். முதல் சோடி என் கைக்குத்தான் வந்தது. நான் கண்டேன். பக்கத்தில் இருந்த கண்மணி மாமியைப் பார்த்தேன். அவரும் கண்டுவிட்டார். இருவரும் குனிந்து தைத்தோம். மாலைக்குள் பன்னிரண்டு பேரும் கண்டிருந்தோம், பன்னிரண்டு பேரும் தைத்து முடித்திருந்தோம். எங்களுக்கு வேலை தரும் முதலாளி அவ்வளவையும் திருப்பி அனுப்பினார். சேரையும் அனுப்பினார்.

அவருடைய இடத்துக்குத்தான் இந்திராணி அக்கா வந்தார். வந்த முதல் நாளே எங்களோடு நிலத்தில் சம்மணம் கட்டி உட்கார்ந்து, அந்தக் காற்சட்டைகளைப் பிரிக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரம் போனதும் தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"இதை முதல்ல கண்டது ஆரு?"

ஏறாவூரிலிருந்து வரும் பௌசியா ராத்தாதான் துணிந்தார். "கண்டா என்ன, காணாட்டி என்ன? சொல்லியிருந்தா அந்தாளு அந்த ரெண்டு வலக்காலாலயும் நம்மள உதைச்சிருப்பாரு."

அந்தக் கொட்டிலில் எல்லோரும் சேர்ந்து சிரித்ததை நான் அன்றுதான் கேட்டேன். அக்காவும் சிரித்தார். பிறகு சொன்னார்: "பிழையக் கண்டவங்க சொல்லப் பயந்தா, அது தைச்சவங்கட பிழை இல்ல. மேசையில நிக்கிற ஆள்ர பிழை. இனி மேசையில நான்தான் நிக்கப்போறன். எனக்குச் சொல்லுங்க."

அவர் என்னைத்தான் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றியது. நான் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஆட்கள் முன்னால் பேச்சு வராது என்பதை அவர் ஒரு கிழமையிலேயே கண்டுகொண்டார். வெட்டிக் கழித்த துணியின் கரையில் சிவப்பு நூல் ஓடும். அதில் ஒரு துண்டைக் கிழித்து என் கையில் தந்தார். "புள்ள, நீ ஒண்டும் பறைய வேணாம். நாள் சரியில்லாட்டி இத உன்ட மெஷின்ல கட்டு. ஏன், எதுக்கு எண்டு நான் கேக்க மாட்டன்." கட்டிய நாளில் நுணுக்கமான கழுத்துக் கொலர் வேலை எனக்கு வராது. ஓரம் மடித்து அடிக்கும் நேர்த் தையல் வரும். கண் கலங்கினாலும் கால் பார்த்துக்கொள்ளும் வேலை அது. என் அம்மாவைக் கடல் கொண்டுபோன திகதி மாதாமாதம் வரும்போது நான் அதைக் கட்டினேன். பிறகு மற்றவர்களும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ராத்தா ஒரு நாள் மூன்று துண்டுகள் கட்டியிருந்தார்.

"என்ன ராத்தா, மூண்டு?" என்று அக்கா கேட்டார்.

"கேக்க மாட்டன் எண்டுதானே சொன்ன? சரி, கேட்டுட்டாய். ஒண்டு மாமி, ஒண்டு கட்டார்ல இருந்து போன் எடுக்காத மனுசன், ஒண்டு ஒழுகுற கூரை."

இரண்டு மாதம் கழித்து முதலாளி வந்தார். அதே மெஷின்கள், அதே பெண்கள். ஆனால் ஒரு கிழமைக்கு என்று தந்த வேலை ஐந்தாம் நாளே முடிந்து கிடந்தது. பிரிக்க வேண்டிய உடுப்பு ஒரு கூடைகூட இல்லை. "என்னம்மா செஞ்ச?" என்று கேட்டார். "ஒண்டும் செய்யல்ல சேர்" என்றார் அக்கா. "கை வராத நாளில கொலர் குடுக்கிறேல்ல. அவ்வளவுதான்."

சண்டை முடிந்தது என்று வானொலி சொன்ன அந்த வைகாசி நாளை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம். டவுன் பக்கம் வெடி கொளுத்தும் சத்தம் கேட்டது. வேலிக்கு வெளியே வீதியில் ஆட்கள் நின்றார்கள். கண்மணி மாமியின் ஒரே மகன் நான்கு வருடமாக வன்னியில் இருந்தான். அவர் அழவில்லை. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, கையில் இருந்த சட்டையை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அழுதால் வெளியே கேட்கும். அந்த நாளில் யாருக்காக அழுகிறோம் என்று வீதிக்குத் தெரியக் கூடாது.

அக்கா வானொலியை நிறுத்தினார். "எல்லாரும் மெஷினைப் போடுங்க. துணி வைக்க வேணாம். சும்மா மிதிங்க."

பதினொரு மெஷின்கள் துணியில்லாமல் ஓடின. தகரக் கூரை அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் கண்மணி மாமி வாய்விட்டு அழுதார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் கால் மரத்துப் போயிருந்தது. அக்கா எங்களுக்கு முதுகு காட்டி நின்று கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். மாமி ஓய்ந்த பிறகும் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். ஏன் என்று நினைக்கவில்லை.

இனி, நான் முதலில் சொன்ன போன மார்கழி. தை பிறந்து பள்ளிக்கூடம் தொடங்குமுன் உடுப்புகள் போக வேண்டும். கடல் ஊரைக் கொண்டுபோன இருபத்தாறாம் திகதியும் வேலை செய்யச் சொல்லி முதலாளி ஆள் அனுப்பினார். அக்கா மறுத்துவிட்டார். "அண்டைக்கு வரச் சொன்னா ஆக்கள் வருவாங்க. கை வராது. அந்த நாள எங்களுக்கு விடுங்க, வேலைய நான் இருவத்தஞ்சுக்குள்ள தாறன்." எங்களை யாரும் வற்புறுத்தவில்லை. நாங்களாகவே அரை மணி முந்தி வந்தோம். அந்த ஒரு நாளை எங்களுக்கு வாங்கித் தருவதற்காக அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று தெரிந்ததும் தையல் தானாக ஓடியது. மழை விடாமல் பெய்தது. வாவி ரோட்டுக்கு ஏறியது. அக்கா இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார்.

"மூஞ்சி செத்துக் கிடக்கு. ஒரு நாள் வீட்ட இரிகா" என்று ராத்தா ஏசினார்.

"இருவத்தாறு முடியட்டும். மறுகா பாப்பம்" என்றார் அக்கா.

இருபதாம் திகதி அளவில் என் மெஷினுக்கு ஒரு கட்டு வந்தது. அவிழ்த்து இரண்டு கால்களைப் பொருத்திப் பார்த்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று வெளுப்பு. எல்லாம் வலக்கால். அக்கா துணியைப் புரட்டாமல் வெட்டியிருந்தார். நான் மேசையைப் பார்த்தேன். அவர் வலது முழங்கையை இடது கையால் தாங்கிக்கொண்டு நின்றார். அடுத்த அடுக்கைப் புரட்ட அந்தக் கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. மேசை விளிம்பில் நெற்றியை வைத்து ஒரு நிமிடம் நின்றார். பிறகு நிமிர்ந்து கத்தரிக்கோலை எடுத்தார்.

எங்களிடம் துண்டு இருந்தது. கட்டுவதற்கு மெஷின் இருந்தது. அக்காவுக்கு மெஷின் இல்லை. அவருக்கு இருந்தது ஒரு மேசைதான். எங்கே கட்டுவார்?

நான் எழுந்து போய் "அக்கா, உங்கட கைக்கு என்ன?" என்று கேட்டிருக்கலாம். நான்கு சொல். அவர் எனக்காகவும் எல்லோருக்காகவும் எத்தனையோ முறை கண்ணாலேயே கேட்டது அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிச்சத் துணியை எடுத்து, யாருக்கும் தெரியாமல் இடக்கால்களை வெட்டிச் சோடி சேர்த்துவிட்டேன். மிஞ்சிய வலக்கால்களைப் பைக்குள் ஒளித்தேன். அவருடைய பிழையை யாரும் காணக் கூடாது என்று நினைத்தேன். அதை அன்பு என்றே நினைத்தேன். இரத்தக் கறையைக் கட்டுக்கு அடியில் வைத்த அதே கைகள்தான். பின்னேரம் அக்கா அந்தக் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தது போல் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இருபத்தைந்தாம் திகதி வேலை முடிந்தது. இருபத்தாறில் நாங்கள் கடற்கரையில் விளக்கேற்றினோம். அக்கா வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார். தை பிறந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர் அதன் பிறகு மேசைக்குத் திரும்பவில்லை.

செத்த வீட்டில் அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நெஞ்சில கட்டி, மகள். கக்கத்துக்கு ஏறிக் கை வீங்கிப் போச்சு. கார்த்திகையிலயே ஆஸ்பத்திரிக்கு உடன வரச் சொன்னவங்களாம். எனக்கும் சொல்லல்ல. ஆரும் ஒராள் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பாள். அவளா வந்து சொல்ல மாட்டாள்."

சுவரில் ஒரு பொடியனின் படம் இருந்தது. கண்மணி மாமி யார் என்று கேட்டார். "அவள்ர தம்பி" என்றார் அம்மா. "அவனும் வன்னியிலதான். அந்த வைகாசிக்குப் பிறகு ஒரு சேதியும் இல்ல." மாமி அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அன்று பதினொரு மெஷின்களை ஓட்டியது ஒருவருக்காக மட்டும் அல்ல. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அடியிலும் அக்கா அழவில்லை.

இதை எழுத உட்காருமுன், போன திங்கட்கிழமை, நான் பைக்குள் ஒளித்த அந்த வலக்கால்களைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய் அக்காவின் மேசையில் விரித்து வைத்தேன். எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். "இது எப்பகா புள்ள?" என்று ராத்தா கேட்டார். நான் சொன்னேன். மார்கழி என்று சொன்னேன். கை எழும்பவில்லை என்று சொன்னேன். "முதல்ல கண்டது நான்தான். அப்பவும் நான்தான், இப்பவும் நான்தான்" என்று சொன்னேன். பதினொரு பேர் முன்னால் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை.

யாரும் என்னை ஏசவில்லை. நீ என்ன செய்வாய் என்று யாரும் ஆறுதலும் சொல்லவில்லை. கண்மணி மாமி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். "மெஷினைப் போடுங்க" என்றார். "துணி வேணாம்."

மேசைக்கு இன்னும் ஆள் வரவில்லை. வருகிறவர் எப்படிப்பட்டவராக இருந்தாலும், அவருடைய கை எழும்பாத நாளில் எழுந்து போய்க் கேட்பேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தக் கேள்வியையும், அவர் வெட்டிய இரண்டு கால்களையும்தான். மற்றவற்றை ராத்தா துடைக்கும் துணிக்கு எடுத்துக்கொண்டார். இந்த இரண்டையும் நான் கொடுக்கவில்லை. இரண்டும் வலக்கால். சோடி சேராது. என்னிடமே இருக்கட்டும்.