மூன்றாவது மாடி வகுப்பறையும் ஒரு பெல்ட் மெஷினும்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மே மாதக் காலை. ஜமாலுதீன் சார் எங்கள் பிசியோதெரபி பிரிவுக்குள் வந்து உட்கார்ந்தார். மூச்சு அடங்கவே சற்று நேரம் ஆனது.

"ஆறு வாரம் டைம் குடுத்திருக்காங்க மிஸ். ஜூன் லீவு முடிஞ்சு ஸ்கூல் திறக்கறப்போ மூணாவது மாடி வகுப்புக்கு ஏறியாகணும். இல்லன்னா மெடிக்கல் போர்டு. வேலை போயிடும்."

அவர் தமிழாசிரியர், வயது இருபத்தெட்டு. அவருக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். பிறவியிலேயே வருவது; நுரையீரலில் சளி பசைபோல் கட்டிக்கொள்ளும். நம்மவர்களிடம் அபூர்வம். ஆஸ்துமா என்றே பல வருடம் மருந்து சாப்பிட்டவருக்கு, கடைசியில் வேர்வையின் உப்பைச் சோதித்துத்தான் நோயைக் கண்டுபிடித்தார்கள்.

வாரம் மூன்று நாள் அவரைத் தலை தாழப் படுக்கவைத்து முதுகில் தட்டுவேன். அவர் மூச்சை வெளியே விடும்போது விலாவில் கைவைத்து அதிரவைப்பேன். அதற்கு எங்கள் தொழிலில் வைப்ரேஷன் என்று பேர். சளி வந்துவிடும். ஆனால் படி ஏற நுரையீரல் மட்டும் போதாதே. சாரின் கால்கள் குச்சிக் கால்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து முறைக்கு மேல் எழ முடியவில்லை. வீட்டில் பழகச் சொன்னால், "செஞ்சேன் மிஸ்" என்பார். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைகளைத் தினமும் பார்ப்பவருக்கு, பொய் சொல்ல மட்டும் வரவில்லை.

ஒருநாள் அவரே ஒரு யோசனை சொன்னார். "நீங்க கையால அதிர வைச்சா சளி வருது. மெஷினை வச்சு காலை அதிர வைச்சா பலம் வராதா? எங்க லாத்தா வீட்ல பெல்ட் மெஷின் இருக்கு."

லாத்தா என்றால் அக்கா. தோ பாயோவில் அடுக்குமாடி வீடொன்றில் இருந்தார். அந்த மெஷின் அவர் உடம்பு இளைக்க வாங்கியது. அகலமான பெல்ட்டை இடுப்பில் மாட்டி ஸ்விட்சைப் போட்டால் ஆளையே குலுக்கும். அந்தக் காலத்தில் ஊரெல்லாம் அந்தப் பைத்தியம்தான். போனால் போகிறதென்று, தினம் அங்கே போய், பெல்ட்டைத் தொடையில் மாட்டிப் பத்து நிமிடம் நிற்கச் சொன்னேன். உள்ளுக்குள் சிரிப்புத்தான்.

நான்காவது வாரம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. சார் பதினான்கு முறை எழுந்து உட்கார்ந்தார். தொடையை டேப் வைத்து அளந்தேன், பருத்திருந்தது. எடையும் கூடியிருந்தது. சார்ட்டில் சிவப்புக் கோடு போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் தலைவி மிஸஸ் லிம்மிடம் ஓடினேன். நாமும் ஒரு பெல்ட் மெஷின் வாங்கலாம் என்றேன்.

"கேன் பை லா. பட் யூ சீ தி மெஷின் ஆல்ரெடி ஆர் நாட்?" என்றார்.

மெஷினை நான் கண்ணால் பார்க்கவில்லை. சனிக்கிழமை மதியம் தோ பாயோவுக்குப் போனேன். அக்கா வீடு ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்திலும் ஒன்பதிலும்தான் நிற்கும். ஐந்தில் இறங்கி ஏறினேன். அக்கா கதவைத் திறக்கும்போது எனக்கே மேல்மூச்சு வாங்கியது. ஹால் மூலையில் மெஷின் நின்றது. பெல்ட்டில் துவைத்த சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.

"இதுவா? மொத நாளே புகைஞ்சு போச்சு மிஸ். தம்பி சொல்லலையா?"

"அப்போ தினம் எதுக்கு வர்றாரு?"

"லீவுலதானே இருக்கான். வருவான், ஆட்டுக்கால் சூப் குடிப்பான், பிள்ளைங்களுக்குப் பாடம் சொல்லுவான். நடுவுல ரொட்டி வாங்கக் கீழே போயிட்டு வருவான். ஒன்பதுல இறங்கி, நடந்து கீழ வான்னு சொன்னா கேக்க மாட்டான். அங்க லிஃப்ட் பக்கத்துல ஒரு நாய் கெடக்கு. அதுக்குப் பயந்துகிட்டு அஞ்சுலேருந்து ஏறித்தான் வர்றான்."

அங்கேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். திங்கட்கிழமை சாரைப் பிடித்தேன்.

"ஏன் சார் சொல்லல?"

"மொத நாளே புகைஞ்சு போச்சுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அந்த சார்ட்டைப் பார்த்து நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. மனசு வரல மிஸ்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட வெட்கம் அதிகம். நாலு வாரமாக நான் ஒரு கேள்வியாவது கேட்டிருக்கலாம். மிஸஸ் லிம்மிடம் போய், பலம் தந்தது மெஷின் இல்லை, படிதான் என்று உள்ளதைச் சொன்னேன். "குட். ஸ்டேர்ஸ் நோ நீட் டு பை" என்று சொல்லிவிட்டு அவர் வேலையைப் பார்த்தார்.

மிச்சமிருந்த இரண்டு வாரமும் தெரிந்தே படி ஏறவைத்தேன். எந்தப் படியில் மூச்சை இழுப்பது, எந்தப் படியில் விடுவது என்று பக்கத்தில் ஏறியபடியே சொல்லிக்கொடுத்தேன். சூப்பையும் நிறுத்த வேண்டாம் என்றேன்.

பள்ளி திறந்த அன்று லீவு போட்டு அவருடன் போனேன். தலைமையாசிரியரும் கூடவே ஏறினார். இரண்டாவது மாடியில் சார் நின்று, நோட்டீஸ் போர்டை நெடுநேரம் படித்தார். நான் நாடியைப் பிடித்துப் பார்த்து, போகலாம் என்று தலையாட்டினேன். மூன்றாவது மாடியில் வகுப்பு வாசலுக்கு அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால் வந்த தலைமையாசிரியர், "டைம்டேபிள்ல உங்க பேரைப் போட்டுடறேன் சார்" என்றார். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். காரிடாரில் நின்று நான் அழுதுவிட்டேன்.

இப்போது ஏறி நின்றால் உடம்பையே அதிரவைக்கும் பலகைகள் வந்துவிட்டன. இதே நோய் உள்ள பெரியவர்களின் தசைக்குப் பலம் கொடுக்குமா என்று பார்க்கிறார்களாம். பலித்தால் என்னைவிட மகிழ்கிறவர் இருக்க முடியாது. புதிதாக வரும் தெரபிஸ்டுகளுக்கு நான் சொல்வது இதுதான்: மெஷினின் பேரைச் சார்ட்டில் எழுதுவதற்கு முன்னால், அந்த மெஷின்வரை எப்படி வந்து சேர்ந்தார் என்று நோயாளியிடம் கேளுங்கள்.