பூட்டிக் கிடந்த பால்வாடியும் இருபத்திரண்டு பிள்ளைகளும்

ஆண்டவரை நம்புகிற சகோதர சகோதரிகளே, நான் நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், நான் அடம்பிடித்துத் திறந்து வைத்த ஒரு கட்டடத்தின் கூரை விழுந்தது. அதற்குள் இருபத்திரண்டு பிள்ளைகள் கிடக்கிறார்கள் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் கவுன்சிலர். காரைக்கால்மேட்டில் வலைக்கு நூல் விற்கும் கடை வைத்திருந்தேன். முன்கோபக்காரன். கத்தினால்தான் காரியம் நடக்கும் என்று நினைத்தவன். கத்தித்தான் எங்கள் வார்டுக்குப் பால்வாடி வாங்கினேன். வைக்க இடமில்லை. ஊருக்கு வெளியே தார் ரோட்டோரம் பிரெஞ்சுக்காரர் காலத்து மச்சு வீடு ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டேன்.

ஓவர்சியர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். "ரெண்டு உத்தரம் உளுத்துப் போயிருக்குங்க. மழை முடியட்டும், மாத்திட்டுத் தொறக்கலாம்" என்றார்.

"அதுக்குள்ள தருமபுரத்துக்காரன் அவன் வார்டுல தொறந்துடுவான். நீ கையெழுத்துப் போடுறியா, மேல போய்ச் சொல்லவா?" என்றேன்.

போட்டுவிட்டார். அது என் முதல் தப்பு.

இரண்டாவது, ஆயா செல்லம்மாள் விஷயம். அவர் மேட்டைச் சேர்ந்த விதவை. கடலில் விட்ட கரைவலையைக் கரையில் நின்று இழுக்கும் நாளில் கயிற்றில் கை வைத்த எல்லாருக்கும் மீனில் பங்கு உண்டு. சின்னப் பிள்ளை பிடித்தாலும் ஒரு கை மீன் கொடுப்பார்கள். செல்லம்மாள் பால்வாடிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிப்போய்க் கயிற்றைப் பிடிக்க வைத்து, கிடைத்த மீனில் அவர்களுக்கே குழம்பு வைத்துவிடுவார். ஒரு தடவை ஒரு பையனை அலை புரட்டிவிட்டது. நான் போய்ச் செல்லம்மாளைத் தெருவில் நிற்க வைத்துத் திட்டினேன். ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தேன். பிள்ளைகள் வந்ததும் ரோட்டுக் கதவை வெளியே பூட்டிவிட்டு, கொல்லை வழியாக உள்ளே வந்து தாழ் போட்டுக்கொள்ள வேண்டும். மத்தியானம் வரை ஒரு பிள்ளையும் வெளியே போகக் கூடாது. இது என் உத்தரவு.

கூரை விழுந்த அன்று, கார்த்திகை மழை விட்டு நாலாவது நாள். காலையில் கிளம்பும்போதே என் மனைவி, "இன்னிக்காவது கூட்டத்துல வாய மூடிக்கிட்டு ஒக்காந்துட்டு வாங்க" என்றாள். தெருக் குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்துக்காகச் சண்டை. இரண்டு குடத்தையும் கவிழ்த்துவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். அப்படிப்பட்டவன் நான்.

முனிசிபல் ஆபீஸை எங்கள் ஊரில் இன்னும் பிரெஞ்சுப் பெயரால் மேரி என்பார்கள். அங்கே கூட்டம். எங்கள் வார்டுச் சாக்கடைக்காக எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். மேஜை லேசாக ஆடியது. நான் தட்டியதால்தான் என்று நினைத்தேன்.

"போதும்யா, ஒன் சத்தத்துல கட்டடமே ஆடுது" என்றார் தருமபுரத்துக் கவுன்சிலர். எல்லாரும் சிரித்தார்கள்.

சிரித்து முடிக்கவில்லை. மூலையில் தண்ணீர்ப் பானை மேல் இருந்த தட்டு கடகடவென்று அடித்தது. மேலே விளக்கு தானாக ஊசலாடியது. காலுக்குக் கீழே தரை வழுக்கிக்கொண்டு போவது போல இருந்தது. "பூமி ஆடுதுங்க, வெளிய வாங்க" என்று பியூன் கத்தினார். ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெளியே ஓடினோம். சில விநாடிகள்தான். நின்றுவிட்டது.

எனக்கு முதலில் என் மகள் ஞாபகம்தான் வந்தது. கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், பக்கத்துத் தெருதான். ஓடிப்போய்ப் பார்த்தேன். மைதானத்தில் சிரித்துக்கொண்டு நின்றாள். நிம்மதியாகத் திரும்பி வந்து ஒரு சிகரெட் பற்றவைத்தேன். ஊரார் பிள்ளைகள் என் நினைப்பிலேயே இல்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

தருமபுரத்தார் என் பக்கம் திரும்பினார். "எங்க பால்வாடி கீத்துக் கொட்டாயி. விழுந்தா ஓலதான் விழும். ஒன்னுது மச்சு வீடாச்சேய்யா."

சிகரெட் கையிலிருந்து விழுந்தது.

மேடு வரைக்கும் சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் ஜனங்கள் தெருவில் நின்றார்கள். யாரோ கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து கோவிலுக்குப் போகிறவன் நான். ஒரு செபமும் வாயில் வரவில்லை. தினமும் மாதாவிடம் சொல்லும் அருள்நிறை மந்திரம்கூடப் பாதியில் மறந்துபோயிற்று. "ஆண்டவரே, புள்ளைங்க. ஆண்டவரே, புள்ளைங்க." இதையேதான் சொன்னேன். பிறகு, "காப்பாத்திக் குடு. தப்பு என்னுதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடுறேன்" என்றேன்.

தூரத்திலிருந்தே தெரிந்தது. சுவர் நிற்கிறது, மேலே கூரை இல்லை. சுண்ணாம்புத் தூசி புகை மாதிரி கிளம்பிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் வீடு கிடையாது, ஆள் கிடையாது. ரோட்டுக் கதவில் நான் வாங்கிக் கொடுத்த பூட்டு தொங்கியது.

பூட்டியிருந்தால் பிள்ளைகள் உள்ளே. அது என் உத்தரவாயிற்றே.

கொல்லைப் பக்கம் ஓடினேன். இடிந்த கல் கதவை மூடிக் கிடந்தது. சன்னல் வழியாக ஏறிக் குதித்தேன். உத்தரம் இரண்டாக முறிந்து குறுக்கே கிடந்தது. சத்தமே இல்லை. அழுகைச் சத்தம் கேட்டிருந்தாலாவது தெம்பு வந்திருக்கும். கையால் செங்கல்லைத் தோண்டினேன். நகம் பிய்ந்தது. ஒரு சிலேட் கிடைத்தது. ஒரு சின்னச் சட்டை கிடைத்தது. அதைத் தூக்கிப் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு இழுத்தேன். வெறும் சட்டைதான். திரும்பத் தோண்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

சன்னலுக்கு வெளியே ஒரு குரல். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. இன்னிக்கு ஒரு நாளுதான். கஞ்சிக்குத் தொட்டுக்க ஒண்ணுமில்ல. கரைவல இழுத்தாங்க, அதான் கூட்டிப் போயிட்டேன்."

செல்லம்மாள். என் சைக்கிளைப் பார்த்ததும், எங்கே திட்டப்போகிறேனோ என்று ரோட்டிலிருந்தே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். தலையைக் குனிந்துகொண்டே வந்ததால் கூரை போனதை அவர் இன்னும் பார்க்கவில்லை. கடற்கரை மணலில் கயிறு இழுத்தவர்களுக்குப் பூமி ஆடியதே தெரியாதாம்.

வெளியே குதித்தேன். பின்னால் பிள்ளைகள். உடம்பெல்லாம் மணல், கையில் மீன். எண்ணினேன். இருபத்தொன்று. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்றுதான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "இன்னொண்ணு எங்க?"

"தங்கராசுக்குக் காச்சல். அவன் இன்னிக்கு வரவேயில்ல" என்றவர், அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவர் கையிலிருந்த மீன் கூடை கீழே விழுந்தது.

எழுந்து தங்கராசு வீட்டுக்கு ஓடினேன். பாயில் படுத்திருந்தான். தொட்டுப் பார்த்தேன். சுட்டது. அந்தச் சூட்டைத் தொட்டுக்கொண்டு அழுதேன்.

மீன் விற்கப் போன தாய்மார்கள் சேதி கேட்டு ஓடி வந்தார்கள். அவர்களிடம் சொன்னேன்: "உத்தரம் உளுத்துப் போச்சுன்னு ஓவர்சியர் சொன்னாரு. நாந்தான் கேக்கல. பூட்டச் சொன்னதும் நாந்தான்." தங்கராசின் தாய் என் கன்னத்தில் அறைந்தாள். "எம்புள்ள ஒனக்கு ஓட்டுச் சீட்டாய்யா?" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. நானும் நகரவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஓவர்சியர் மேல் பழி போட்டார்கள். கையெழுத்து அவருடையதுதானே. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். பிசாசு பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் சொன்னான். எழுந்தேன். கத்தவில்லை. நடந்ததைச் சொன்னேன். பதவியை எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

சிலர் கேட்கிறார்கள்: "நீ செபம் பண்றதுக்கு முந்தியே புள்ளைங்க கடக்கரைக்குப் போயிட்டுதே, அது எப்படிப் பதிலாகும்?" எனக்கு வேதசாஸ்திரம் தெரியாது. நான் கேட்கத் தொடங்குவதற்குள் அவர் வேலையை முடித்திருந்தார். என் உத்தரவை மீற ஒரு விதவைக்குத் தைரியம் கொடுத்திருந்தார். நான் சொன்னபடி நடந்திருந்தால் இருபத்தொரு குழி வெட்டியிருப்போம்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குப் போன தை மாதம் கல்யாணம். பத்திரிகை வைத்தாள், போனேன். பந்தியில் உட்கார்ந்தும் சோறு இறங்கவில்லை. செல்லம்மாள்தான் பக்கத்தில் வந்து, "சாப்புடுங்க தம்பி, மீன்கொழம்பு ஆறுது" என்றார். சாப்பிட்டேன்.

கோபம் இன்னும் வருகிறது. பொய் சொல்ல மாட்டேன். லாரி போய்த் தரை அதிர்ந்தால் இன்றைக்கும் உடம்பு விறைத்துப்போகிறது. ஆனால் இப்போது கத்துவதற்கு முன் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேட்கிறேன்.

நீங்களும் கேளுங்கள். அவரிடம் நோயைக் கொண்டுபோகிறீர்கள், கஷ்டத்தைக் கொண்டுபோகிறீர்கள், சரி. உங்கள் தப்பையும் கொண்டுபோங்கள். துரத்த மாட்டார். அழகாகச் செபிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டாம். எனக்கும் தெரியாது.